கிழிசலுக்கா காசு?

புதுத் துணியைத் தேய்த்துக் கிழித்து, வெளுக்கச் செய்து விற்பதை நாகரிகம் என்கிறோம். இதனை வன்மையாகக் கண்டிக்கிறேன்.

அளவெடுத்துக் கையால் தைக்கும் ஜீன்ஸ் விலை அதிகம் என முணுமுணுக்கும் பெற்றோரே, வெளுத்த ஜீன்சுக்கு உண்மை விலை கொடுத்தவர் யார், அறிவீரா? துருக்கியில் மணலைப் பீய்ச்சி டெனிமை வெளுக்கச் செய்த தொழிலாளர் பலர், சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோயால் மாண்டனர். 2009இல் அந்நாடு அம்முறையைத் தடை செய்தது.

1873இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற, தாமிர ஆணி அடித்த காற்சட்டை உழைப்பாளிக்கென்றே பிறந்தது. அணிய அணியத் தானே வெளுக்கும்.

வளர்ந்துவிட்ட பிள்ளைக்கு ஒன்றே ஒன்று தைத்துக் கொடுங்கள். அடிக்கடி துவைக்காமல், உட்புறத்தை வெளியே திருப்பி, குளிர்நீரில் அலசி, நிழலில் உலர்த்தக் கற்பியுங்கள். கிழிந்தால் ஒட்டுப் போடட்டும். பொருளைப் பேணக் கற்ற பிள்ளையே அதைச் செய்த கையையும் மதிக்கும்.