எந்த கேஸ், உஸ்தாத்?

மே மாதம் பிறந்துவிட்டால் தில்லி கரோல் பாகின் கார் சந்துகளில் ஒரே தீர்ப்புதான்: "கேஸ் கம்மி, பாபுஜி." பானெட்டைத் திறந்து அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. வெயிலில் வெந்து வந்தவர் அப்பீலுக்குப் போகும் நிலையிலா இருப்பார்? பர்ஸைத் திறக்கிறார். சிலிண்டரிலிருந்து ஏதோ ஒன்று உஸ்ஸென்று காருக்குள் ஏறுகிறது. ஜில்லென்று காற்று வருகிறது. அடுத்த மே வரை எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்த 'ஏதோ ஒன்று' எது என்பதில்தான் விவகாரம்.

முதலில் ஒரு விஷயம். ஏ.சி. கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற சரக்கல்ல. மூடிய குழாய்களுக்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருப்பது. என்ஜின் அதிர்விலும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் பல வருடங்களில் கொஞ்சம் குறையலாம். வருடா வருடம் குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுகலை அடைக்காமல் மேலே ஊற்றுவதற்குப் பெயர் சர்வீஸ் அல்ல, சந்தா.

2006-ல் நான் ஒரு பழைய கார் வாங்கினேன். 1990-களின் நடுவில் தயாரானது. அதன் ஏ.சி. ஆர்-12 காலத்தியது. ஆர்-12 குளோரோஃப்ளூரோகார்பன் குடும்பத்தின் மூத்த பிள்ளை. இந்தக் குடும்பத்தின் குளோரின் ஓசோன் படலத்தைத் தின்கிறது என்று மொலினாவும் ரோலண்டும் 1974-ல் எழுதினார்கள். 1987-ல் மாண்ட்ரீல் ஒப்பந்தம். இந்தியா 1992-ல் சேர்ந்தது. 2003 தொடக்கத்திலிருந்து புதிய கார் ஏ.சி.களில் அதற்கு இடமில்லை. மாற்றாக வந்தது ஆர்-134ஏ. இதில் குளோரின் கிடையாது. ஓசோனுக்கு ஆபத்தில்லை.

என் கார் போன ஒர்க்ஷாப்பில், "பழைய கேஸ் விலை ஜாஸ்தி, புதுசைப் போட்டுவிடலாம், ஒண்ணும் ஆகாது" என்றார்கள். போட்டார்கள். இரண்டு வாரம் சொர்க்கம். பிறகு குளிர் குறைந்தது. திரும்பப் போனேன்.

அங்கிருந்த வயதான உஸ்தாத் நேர்மையானவர். அவர் மீது இன்றும் எனக்குக் கோபம் இல்லை. ஒரு சின்ன விளக்கைப் பற்றவைத்து, அதன் குழாயை ஒவ்வொரு இணைப்பாகக் கொண்டுபோனார். கேஸ் ஒழுகினால் சுடர் பச்சையாக மாறும். முப்பது வருடமாக அவரைக் கைவிடாத விளக்கு. அன்று சுடர் மாறவே இல்லை. "ஒழுகல் இல்லை, பாபுஜி" என்று இன்னும் கொஞ்சம் ஏற்றி அனுப்பினார்.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். சுடரைப் பச்சையாக்குவது குளோரின். புதிய கேஸில்தான் அது இல்லையே! ஓசோனைக் காப்பாற்றிய அதே குணம் உஸ்தாதின் விளக்கைக் குருடாக்கிவிட்டது. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் கற்றிருந்த மற்றொரு வித்தையும் இப்படித்தான் செல்லாததானது. கண்ணாடித் துவாரத்தில் குமிழி மறையும்வரை ஏற்று என்பது பழைய பாடம். ஆர்-134ஏ-யை அப்படி ஏற்றினால் அளவு மிஞ்சி அழுத்தம் எகிறும். இதை எடைபோட்டுத்தான் ஏற்ற வேண்டும். சிறிய காருக்கு மொத்தமே அரைக் கிலோவை ஒட்டித்தான் என்பதால் ஐம்பது கிராம்கூடக் கணக்கில் வரும்.

மூன்றாவது வாரம் ரிங் ரோட்டில் ஒரு கரகர சத்தம், பிறகு மௌனம். கம்ப்ரஸர் இறுகிவிட்டது. காரணம் கேஸ் அல்ல, ஆயில். பழைய கம்ப்ரஸரில் இருந்தது மினரல் ஆயில். ஆர்-12 அதைத் தன்னோடு கலந்து சுற்றிக் கொண்டுவந்து கம்ப்ரஸரில் சேர்க்கும். ஆர்-134ஏ அதோடு கலக்காது. ஆயில் போன இடத்திலேயே தங்கிவிட, கம்ப்ரஸர் வறண்டு ஓடியிருக்கிறது. பழைய ஆயிலை வடித்து, எஸ்டர் ஆயில் ஊற்றி, ட்ரையர், சீல், தேவைப்பட்டால் ஹோஸையும் மாற்றி, வேக்குவம் இழுத்துப் பிறகு கேஸ் ஏற்றியிருக்க வேண்டும். அன்றைய என் சம்பளத்தில் பாதி போயிற்று.

சில வருடங்கள் கழித்து மெக்கானிக்குகளுக்கான ஒரு பயிற்சிக் கையேடு தமிழாக்கத்துக்கு என்னிடமே வந்தது. தமிழ் எம்.ஏ. சும்மா இருக்குமா? குளிர்பதனி, ஆவியாக்கி, உலர்த்தி, மசகெண்ணெய் என்று வெளுத்துக் கட்டினேன். தெரிந்த தமிழ் மெக்கானிக் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டவர், "சார், ட்ரையர்னே போடுங்க. எந்த கேஸுக்கு எந்த ஆயில்னு மட்டும் கொட்டை எழுத்துல போடுங்க" என்றார். இன்னொன்றும் சொன்னார்: "வேக்குவம் இழுக்க அரைமணி ஆகும். சீசன்ல நிறைய பேர் விட்டுடறாங்க. அதையும் போடுங்க." நியாயம். புதிய கேஸோடு போகும் பி.ஏ.ஜி. ஆயில் காற்றின் ஈரத்தைக் குடிக்கக்கூடியது. ஈரம் உள்ளே தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாகும், அல்லது அமிலமாகி உள்ளிருப்பதை அரிக்கும். நான் அதை ஓர் அடிக்குறிப்பில் ஒதுக்கியிருந்தேன்.

போலிச் சரக்கு தனிக்கதை. ஆர்-134ஏ என்ற லேபிளோடு மெத்தில் குளோரைடு கலந்த சிலிண்டர்கள் உலகச் சந்தையில் உலவியிருக்கின்றன. அது அலுமினியத்தோடு சேர்ந்து உண்டாக்கும் பொருள் காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும். 2011-ல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்பதனக் கன்டெய்னர்கள் வெடித்து ஊழியர்கள் இறந்தது இதனால்தான். சிலிண்டரின் வெளிர்நீல நிறம் எதற்கும் சான்று அல்ல.

இப்போது அடுத்த சுற்று. ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடேற்றுவதில் கரியமில வாயுவைப்போல ஏறக்குறைய 1,400 மடங்கு. எனவே 2017 முதல் ஐரோப்பாவில் புதிய கார்களில் அதற்கு அனுமதி இல்லை. அங்கே ஆர்-1234ஒய்எஃப் வந்துவிட்டது. சூடேற்றுவது மிகக் குறைவு, ஆனால் விலை மிக அதிகம், லேசாகத் தீப்பற்றும், எரிந்தால் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு என்ற நச்சுவாயு வரும். 2016-ன் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-ல் ஏற்றது. ஆர்-134ஏ அடங்கிய எச்.எஃப்.சி. குடும்பத்தின் உபயோகம் 2028-ல் உறைநிலைக்கு வந்து, 2032 முதல் படிப்படியாகக் குறைய வேண்டும். விலையுயர்ந்த கேஸ் உள்ள காரில் மலிவான கேஸை ஏற்றும் சபலம் அப்போது கரோல் பாகுக்கு வராது என்று நம்ப, 2006-ல் என் காருக்கு நடந்ததை நான் மறக்க வேண்டும்.

போன மாதம் இப்போதைய கார் அனல் கக்கியது. அதே பேட்டை, வேறு கடை, வயதில் இளையவர். "எந்த கேஸ், உஸ்தாத்?" என்றேன். பதில் சொல்லாமல் பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார்: ஆர்-134ஏ, 450 கிராம். உள்ளே ஒரு சாயத்தைச் செலுத்தி, மஞ்சள் கண்ணாடி மாட்டிக்கொண்டு, அல்ட்ரா வயலெட் டார்ச் அடித்தார். கண்டென்ஸர் இணைப்பில் பச்சையாக மினுங்கியது. ஒரு ஓ-ரிங். மாற்றினார், முழுதாக அரைமணி வேக்குவம் இழுத்தார், சிலிண்டரைத் தராசில் வைத்து ஏற்றினார். ரசீதில் மட்டும் பழக்கதோஷத்தில் 'கேஸ்' என்று எழுதினார். எண்ணையும் எழுதச் சொன்னேன். சிரித்துக்கொண்டே எழுதித் தந்தார்.