கையெழுத்துப் போடும் முன்னே ஒரு வார்த்தை



போன மாதம் ஓர் அண்ணன் என்னைத் தேடி வந்தார். வயது ஐம்பத்திரண்டு. ஒரே செம்பனைத் தோட்டத்தில் 19 வருடம் குலை வெட்டியவர். இனிப்பு நீர் வந்து காலில் ஆறாத புண். ஆஸ்பத்திரி, மருந்து, புண் கட்டு என்று மாதத்தில் பாதி நாள் பெரட்டுக்குப் போக முடியவில்லை. "நீயா எழுதிக் கொடுத்துட்டுப் போயிடு, அதுதான் உனக்கு மரியாதை" என்று ஆபீஸில் சொன்னார்களாம். அண்ணனும் கையெழுத்துப் போட்டுவிட்டார். மூன்று மாதம் ஓடிவிட்டது.

"ஏண்ணே, சங்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன்.

"வெக்கமா இருந்துச்சு தம்பி. நோஞ்சான்னு நாலு பேரு பேசுவாங்கள்ல?"

இந்த வெட்கம்தான் நம்மைக் கெடுக்கிறது. காய்ச்சலோடு மரம் வெட்டப் போனவனைக் கெட்டிக்காரன் என்றும், படுத்துவிட்டவனைச் சோம்பேறி என்றும் பேசியே வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பேச்சால் லாபம் யாருக்கு? நமக்கா?

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் நோய் விடுப்பை நமக்கு உரிமையாகவே கொடுத்திருக்கிறது. ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள். 2023 ஜனவரி முதல் இது தனிக் கணக்கு. டாக்டர் சீட்டு வாங்கி, 48 மணி நேரத்துக்குள் ஆபீஸுக்குச் சொல்லிவிட வேண்டும்.

விடுப்பும் தீர்ந்துவிட்டதா? நிர்வாகமே நிறுத்தட்டும். அப்படி நிறுத்தினால், 1980-ஆம் ஆண்டு விதிப்படி ஐந்து வருடம் தாண்டியவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம் சேர வேண்டும். அண்ணன் கணக்குக்கு 380 நாள் சம்பளம்! தானாக எழுதிக் கொடுத்தவருக்கு அது கிடையாது. மிரட்டி எழுதி வாங்கினார்கள் என்றால் தொழிலுறவு இலாகாவில் புகார் செய்யலாம்; அதற்கும் 60 நாள்தான் கெடு. அண்ணனுக்கு அந்தக் கெடுவும் போய்விட்டது.

போனது போகட்டும், இருப்பதைப் பார்ப்போம் என்று அவரை சொக்சோ ஆபீஸுக்கு அழைத்துப் போனேன். அறுபது வயதுக்குள் நோயால் உழைக்க முடியாமல் போனவருக்கு அங்கே இயலாமை ஓய்வூதியம் உண்டு. மருத்துவக் குழு சோதித்து முடிவு சொல்லும். ஆனால் விண்ணப்பிப்பதற்கு முந்திய 40 மாதத்தில் 24 மாதச் சந்தாவாவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வேலையை விட்டுவிட்டு வருடக்கணக்கில் வீட்டிலே உட்கார்ந்திருந்தால் இந்தக் கணக்கும் கைநழுவிப் போகலாம். மனு கொடுத்திருக்கிறோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

வேலையை விட்டு வந்த தோழர்களே, வீட்டுக்குள் முடங்காதீர்கள். பெஞ்சாதி பிள்ளைகளிடம் உள்ளதைச் சொல்லுங்கள். சேமநிதிப் பணத்தை அவசரப்பட்டு எடுத்துக் கரைத்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரி நாளைத் தவற விடாதீர்கள். பெரட்டுக்குத் தவறாமல் போன மாதிரி அதற்கும் போங்கள்.

அக்கம் பக்கத்து வீட்டாருக்கும் ஒரு வார்த்தை: "சும்மாதானே இருக்காரு" என்று சொல்லாதீர்கள். இன்றைக்கு அவர் கால். நாளைக்கு நம் முதுகு.

யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், "சங்கத்துல காட்டிட்டு நாளைக்கு வர்றேன்" என்று சொல்லுங்கள். ஒரு நாள் பொறுப்பதால் எதுவும் கெட்டுப் போகாது. போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்குவதுதான் கஷ்டம்.