செங்காந்தள் வேலியிலேயே இருக்கட்டும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் கொல்லை வேலிகளிலும் ஆற்றுப்படுகைகளிலும் செங்காந்தள் பூக்கும். திருக்காட்டுப்பள்ளிப் பகுதி விவசாயிகளுக்குக் கார்த்திகைப் பூ, கண்வலிக்கிழங்கு என்றால் எளிதில் விளங்கும். தமிழ்நாட்டின் மாநில மலர் இது. அழகாக இருக்கிறதே என்று பறித்து வந்து செம்பில் தண்ணீர் ஊற்றி வீட்டில் வைப்பது சரியல்ல.

இச்செடியின் எல்லாப் பாகங்களிலும் கோல்சிசின் என்னும் நஞ்சு உண்டு. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று எண்ணித் தின்று உயிரிழந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. தின்ற சில மணி நேரம் கழித்தே வாந்தியும் பேதியும் தொடங்கும். கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆடு மாடுகளுக்கும் இது ஆகாது.

பூச்செண்டுகளில் வரும் லில்லி வேறு இனம். அதன் நஞ்சும் வேறு. அந்த மகரந்தம் பூனையின் மயிரில் ஒட்டி, பூனை அதை நக்கினாலே சிறுநீரகம் கெட்டுப்போகும். ஆகவே பூனை வளர்க்கும் வீட்டில் லில்லியும் கூடாது.

வீட்டுக்கு ஆகாத காந்தள் வேலிக்கு மிகவும் வேண்டியது. அதன் தேனை நாடித் தேன்சிட்டும் வண்ணத்துப்பூச்சியும் தேனீயும் வருகின்றன. இப்பூவில் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி, மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்கிறது. அதனால் மகரந்தம் சேர வெளித்துணை தேவை. திண்டுக்கல், திருப்பூர், கரூர் மாவட்டங்களில் விதைக்காக இதைப் பயிரிடுவோர், காலை வேளையில் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் சேர்க்கிறார்கள். பூச்சியும் பறவையும் கூலியில்லாமல் செய்யும் வேலைக்கு அங்கே ஆள் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது.

நெல்லுக்குத் தேனீ தேவையில்லை என்று சிலர் கூறலாம். அது உண்மைதான். ஆனால் கொல்லையில் போடும் பரங்கி, பாகல், புடலை, பீர்க்கு ஆகியவற்றில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனி. தேனீ போன்ற பூச்சிகள் வராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிரும். தேன்சிட்டும் தன் குஞ்சுகளுக்குச் சிறு பூச்சிகளையும் சிலந்திகளையும் பிடித்து ஊட்டுகிறது.

உயிர்வேலியை அழித்துக் கம்பி வேலி போடுவதும், வரப்போரம் களைக்கொல்லி அடிப்பதும் இந்த உயிர்களின் இரையைப் பறிப்பதாகும். கம்பி வேலி அவசியமானால் அதை ஒட்டி நொச்சி, ஆடாதொடை நட்டு, காந்தள் படர ஓரிடம் விடலாம். குழந்தைகளும் கால்நடைகளும் நடமாடும் இடத்தில் மட்டும் கையுறை அணிந்து கிழங்கோடு தோண்டி எடுத்துவிட வேண்டும். பூச்சிமருந்து அடிக்க வேண்டி வந்தால், தேனீக்கள் கூடு திரும்பிய பின் மாலையில் அடிப்பது நல்லது.

காந்தளைக் கண்டால் பறிக்க வேண்டாம் என்றும், கிழங்கைத் தொட வேண்டாம் என்றும் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் இந்தப் பருவத்திலேயே சொல்லி வைக்க வேண்டும்.