மேல் பின்னில் ஒயர் இருக்கிறதா?

(மூன்றாம் ஆண்டு மின்னியல் மாணவன், பைக்காரா)



கிறிஸ்தவ விசுவாசம் பற்றிய கட்டுரை என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பிரசங்கம் பண்ண நான் வரவில்லை. அதற்குத் தகுதியும் எனக்கில்லை. ஏன் இல்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் வகுப்பில் நாங்கள் ஆறு பேர் சர்ச்சுக்குப் போகிறவர்கள். டிராஃப்டர் மேல் வசன ஸ்டிக்கர், கால்குலேட்டர் பின்னால் வசன ஸ்டிக்கர். பரீட்சைக்கு முதல் நாள் எங்கள் அறையில் நடக்கிற ஜெபத்தைக் கேட்டால் ஹாஸ்டலே உருகிவிடும். ஆனால் ரெக்கார்டு நோட்டில் ரீடிங் எல்லாம் போன வருஷத்து சீனியரிடமிருந்து சுட்டது! 'சாட்சி' என்ற சொல்லை எங்கள் சபைகளில் அதிகம் கேட்கலாம். எழுந்து நின்று மைக்கில் சொன்னால்தான் சாட்சி என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன்.

அந்த எண்ணத்தைக் கலைத்தவர் டாக்டர் பால் பிராண்ட். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த குடும்பங்கள் நம் மலையில் நிறைய உண்டு. பிராண்ட் அங்கேதான் 1946-ல் வந்து சேர்ந்தார். மிஷனரித் தம்பதியின் மகன், கொல்லிமலையில் வளர்ந்தவர். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929-ல் அப்பா இங்கே காய்ச்சலில் இறந்துபோனார். பையன் பள்ளியை முடித்து என்ன படித்தார் தெரியுமா? மருத்துவம் இல்லை. கொத்து வேலையும் தச்சு வேலையும்! சில வருஷம் கரண்டியும் உளியும் பிடித்துவிட்டுத்தான் டாக்டர் படிப்புக்கே போனார். சிவில் டிப்பார்ட்மென்ட் நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம்.

தொழுநோயால் விரல் மடங்கிப்போன கைகளை அவர் ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். நம் பாஷையில் சொன்னால், ஒரு ஃபீடர் செத்துப்போனால் உயிரோடிருக்கிற இன்னொரு ஃபீடரிலிருந்து சப்ளை எடுக்கிறோமே, அதுதான். நரம்பு கெடாத தசையின் தசைநாரை எடுத்து, வேலை செய்யாத விரலுக்குத் திருப்பிக் கட்டினார். சரி, கை நிமிர்ந்தது. வேலை யார் கொடுப்பார்கள்? மடங்கிய கைக்கு விழுந்த பிச்சைகூட நிமிர்ந்த கைக்கு விழவில்லை என்று நோயாளிகளே வந்து சொன்னார்கள். அதனால் வேலூரில் 'புது வாழ்வு மையம்' என்று ஒன்றைத் தொடங்கி, அங்கே தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். டாக்டருக்குப் பழைய தொழில் கைகொடுத்தது.

ஒரு நாள் ஒரு அறையின் பூட்டு துருப்பிடித்துத் திறக்கவில்லை. டாக்டர் முயன்று பார்த்தார், சாவி அசையவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன், பத்து வயதிருக்கும், வந்து ஒரே திருப்பில் திறந்துவிட்டான். தரையில் ரத்தம் சொட்டியது. பார்த்தால், சாவி அவன் விரலை எலும்பு வரை அறுத்திருக்கிறது. அவனுக்குத் தெரியவே இல்லை. விரல்கள் 'அழுகி விழுவது' இல்லை, வலி தெரியாததால் காயப்பட்டுக் காயப்பட்டே போகின்றன என்பதற்கு அவருக்கு இதுவும் ஒரு சான்று. அதன்பின் உளிக்குப் பிடி எப்படி இருக்க வேண்டும், ஆணி இல்லாமல் செருப்பை எப்படித் தைப்பது, எந்த ரப்பர் காலைப் புண்ணாக்காது என்று வருஷக்கணக்காக அலைந்தார்கள். மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு அப்படி வந்ததுதான். ஒருவரின் விசுவாசம் செருப்பின் அடிப்பாகத்தில் போய் நிற்கிறதே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இயேசு மேடை ஏறுவதற்கு முன் எத்தனை வருஷம் தச்சுப்பட்டறையில் இருந்தார்! அவர் செய்த ஏர் ஒன்றாவது கோணலாக இருந்திருக்குமா?

இனி என் கதை.

எங்கள் பைக்காராவுக்கு ஒரு பெருமை உண்டு. இந்த ஆற்றுத் தண்ணீரில் 1932-ல் ஓட ஆரம்பித்த மின்நிலையம்தான் கோயம்புத்தூர் மில்களுக்குக் கரண்ட் கொடுத்தது. அந்த ஊர்க்காரன், மின்னியல் மாணவன். சென்ற வருஷ லீவில் ஒரு சின்ன கான்ட்ராக்டரிடம் வீட்டு ஒயரிங் வேலைக்குப் போனேன். நாலு வீடு. எர்த்துக்கு என்ன செய்யணும் என்று உங்களுக்கே தெரியும். எட்டடி குழி, ஜி.ஐ. பைப், கரியும் உப்பும் மாற்றி மாற்றி. கான்ட்ராக்டர் சிரித்தார். "யாருப்பா மண்ணைத் தோண்டிப் பாக்கப் போறா?" பச்சை ஒயரை சுவரோரமாகக் கொண்டுவந்து தரையில் அரை அடி புதைத்து மூடிவிட்டேன். மூன்று பின் சாக்கெட்டில் மேல் பின்னுக்கு ஒயர் இருக்கும். அது போய்ச் சேர இடம்தான் இருக்காது. அந்த ஞாயிறு சர்ச்சில் கிதார் வாசித்தேன், சாட்சியும் சொன்னேன். மனசில் ஒரு உறுத்தலும் இல்லை. அந்தப் பூட்டுச் சிறுவன் மாதிரிதான்.

ஜூலை மாத மழை எங்கள் ஊரில் எப்படி என்று வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். சுவர் வியர்க்கும். குளிக்க எல்லார் வீட்டிலும் தகர வாளியில் ஹீட்டர் கம்பிதான். அந்த நாலில் ஒரு வீட்டுப் பாட்டி வழியில் பார்த்துச் சொன்னார்: "தம்பி, வாளியத் தொட்டா சுர்ருங்குது. நேத்து தூக்கியே போட்ருச்சு. வயசாச்சுல்ல, எனக்குத்தான் நரம்புத் தளர்ச்சி போல."

எர்த் ஒழுங்காக இருந்திருந்தால் ஃபியூஸ் போயிருக்கும். அவ்வளவுதான். அன்றிரவு தூக்கம் வரவில்லை. பாட்டி தன் நரம்பைக் குற்றம் சொன்னதுதான் என்னை அதிகமாகக் குத்தியது.

ஒரு நண்பன் கேட்டான், "நல்லா எர்த் போட சாமி எதுக்குடா? கடவுள் இல்லைங்கிறவன் போடலையா?" போடுகிறான். இந்தக் கேள்வியைக் கேட்டவனே அப்படிப்பட்டவன்தான். ரெக்கார்டில் ஒரு ரீடிங்கைக்கூட அவன் காப்பி அடித்ததில்லை. அவனுக்குப் பதில் சொல்லி ஜெயிக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். மண்ணுக்குள்ளும் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று வாரா வாரம் பாடுகிறவன் நான். 'யார் தோண்டிப் பார்ப்பார்கள்' என்ற வார்த்தைக்குத் தலையாட்ட அவனைவிட எனக்குத்தான் உரிமை குறைவு.

ஊருக்கு வந்து குழி தோண்டியதும் அதே நண்பன்தான், என்னோடு சேர்ந்து. இரண்டு நாள். மூன்றடிக்கு மேல் போனால் ஊற்று, கடப்பாரையெல்லாம் சேறு. பைப்புக்கும் கரிக்கும் என் கைக்காசு. பாட்டி கடுங்காப்பியும் வர்க்கியும் கொடுத்து, "எதுக்குத் தம்பி மறுபடியும் தோண்டறீங்க?" என்றார். "மழைக்காலம் பாட்டி, சும்மா செக் பண்றோம்" என்றேன். நண்பன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அவரிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.

மற்ற மூன்று வீட்டிலும் சொல்லிவிட்டேன். அதுவரை ஹீட்டர் போட வேண்டாம் என்றேன், ஏன் என்றும் சொன்னேன். ஒருவர் நன்றாகத் திட்டினார். இன்னொருவர், "நீ சர்ச்சுல பாடற பையன்தானே?" என்று மட்டும் கேட்டார். திட்டே தேவலை!

மூன்று குழி பாக்கி இருக்கிறது. செமஸ்டர் லீவு முதல் வாரம் ஆரம்பிக்கிறோம். நல்ல கடப்பாரை வைத்திருப்பவர்கள் சொல்லி அனுப்புங்கள். கூடலூர் பஸ்ஸில் ஏறி பைக்காரா ஸ்டாப்பில் இறங்கினால் போதும்.