எறும்பை நம்பலாமா?

சிறுநீரில் எறும்பு மொய்த்தால் சர்க்கரை வியாதி என்பது நம் பாட்டிமார் கண்ட பரீட்சை. கெட்டிக்காரப் பரீட்சைதான், ஆனால் கர்ப்பிணி விஷயத்தில் எறும்பும் ஏமாந்து போகும். கர்ப்ப காலத்தில், இரத்தத்தில் சர்க்கரை அளவோடு இருக்கும்போதே சிறுநீரகம் கொஞ்சத்தைக் கசியவிடுவதுண்டு. இரத்தத்தில் மிகுந்திருந்தும் சிறுநீரில் தென்படாமல் போவதும் உண்டு.

நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை மதிக்க விடுவதில்லை. கணையம் ஈடுகொடுத்து மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்க வேண்டும். முடியாதபோது சர்க்கரை ஏறுகிறது. குழந்தை அளவுக்கு மீறிப் பருத்துப் பிரசவம் சிக்கலாகலாம். தாய்க்குப் பிற்காலத்தில் நிரந்தரமாகவே நோய் வரலாம்.

இன்சுலினுக்கு உடல் அடங்க மறுப்பதைச் சிறுநீரைக் கொண்டே அறிய முடியுமா? 1990-ல் அமெரிக்க வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார், நீரிழிவுக்காரர்களின் சிறுநீரில் 'கைரோ இனோசிட்டால்' என்ற பொருள் குறைந்திருப்பதைக் கண்டார்கள். கர்ப்பிணிகளிடமும் அதன் இனத்துப் பொருள்களை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் அது இன்னும் ஆராய்ச்சிக் கூடத்தைத் தாண்டி ஆஸ்பத்திரி மேஜைக்கு வந்து சேரவில்லை.

வழி இல்லாமலும் இல்லை. அதைக் காட்டியவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. வெறும் வயிறு வேண்டாம். சாப்பிட்டு வந்தாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டியது. இரண்டு மணி கழித்து இரத்தத்தில் 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்ப கால நீரிழிவு. தூரத்திலிருந்து வந்தவளை, "நாளைக்குப் பட்டினியோடு வா" என்று திருப்பி அனுப்பாத முறை இது! 2007-ல் தமிழக அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை உண்டென்று உத்தரவிட்டது. அவர் பிறந்த மார்ச் 10-ஐ நாடே இந்நோயின் விழிப்புணர்வு நாளாகக் கொண்டாடுகிறது.

எல்லாம் சரி, அந்த இரண்டு மணி நேரத்துக்கு எங்கே போவது? ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கம்பெனி பஸ் ஏறி ஷிப்டுக்குப் போகும் பெண்ணுக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருப்பதென்றால் அரை நாள் போகும். சில இடங்களில் அரை நாள் சம்பளமும் போகும். சிறுநீர்ச் சீட்டை நனைத்துப் பார்த்து, "ஒன்றுமில்லை" என்று திரும்பிவிட அவளுக்கு ஆசை வருவதில் என்ன குற்றம்? அவளைக் கண்டித்துப் பயனில்லை.

சோதனை முதல் முறை வந்தபோதே ஒரு தடவை, 24 முதல் 28 வாரத்துக்குள் மறு தடவை. ஆக நாலு மணி நேரம். அதைச் சம்பளத்தில் பிடிக்காமல் ஆலை நிர்வாகங்கள் கொடுக்கட்டும். அல்லது ஆலையின் வைத்திய அறையிலேயே குளுக்கோஸும் ஒரு நர்ஸும் இருக்கட்டும்.