ஏந்தும் கரங்களுக்கும் ஒரு பரிசு

முத்துக்குளித்துறை எனப் புகழ்பெற்ற தூத்துக்குடிக் கடலில் மூழ்கி முத்தெடுத்தவரை ஊர் போற்றியது. அவர் உயிரைத் தன் கையில் தாங்கிப் படகில் கயிறு பிடித்து நின்றவரை யார் நினைத்தார்? 1961-ஆம் ஆண்டோடு இக்கரையில் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. கயிறு பிடித்தவரை மறக்கும் நம் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. கைப்பந்தாட்டக் களமே அதற்குச் சான்று.

1986-இல் சியோல் ஆசிய விளையாட்டில் இந்திய அணி வெண்கலம் வென்றது. அவ்வணியின் ஜிம்மி ஜார்ஜ் துள்ளி எழுந்து பந்தை அடித்த அழகை இன்றும் பேசுகிறோம். எதிரணி தொடுத்த பந்தை முன்கைகளில் ஏந்தி உரிய இடத்திற்கு அனுப்பிய முதல் தொடுகையைப் பேசுவார் இலர். முதல் தொடுகை பிழைத்தால், மூன்றாம் தொடுகையான தாக்குதலுக்கு வழி ஏது?

மாணவர்கள் ‘அண்டர்ஹேண்ட்’ என்று வழங்கும் இம்முறை வெறும் கைவலிமையால் அமைவதன்று. முழங்கைகள் மடங்காமல் நீண்டு, இரு முன்கைகளும் ஒரே பலகைபோல் இணைய வேண்டும். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, தசைப்பற்றுள்ள பகுதியில் பந்து பட வேண்டும். கால்கள் முன்னரே பந்தின் வழிக்குச் சென்று நிற்க வேண்டும். மெதுவாக வரும் பந்துக்கு விசையை முழங்கால்கள் தரும். விரைந்து வரும் பந்துக்குக் கைகள் சற்றே பின்வாங்கி அதன் வேகத்தைத் தணிக்கும். கையை வீசுவோர் குறியை இழப்பர்.

இதில் ஒரு கணக்கும் உண்டு. கண்ணாடியில் ஒளி திரும்புவதுபோலவே கைப்பலகையில் பந்து திரும்புகிறது. பலகையின் சாய்வு 5 பாகை தவறினால், பந்தின் வழி ஏறத்தாழ 10 பாகை விலகும். 6 மீட்டர் தொலைவில் அது ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட பிழையாகும். பந்தின் சுழற்சி இக்கணக்கைச் சிறிது மாற்றும். சுழலாமல் மிதந்து வரும் பந்தோ காற்றில் தடுமாறித் திசை மாறும். மாலைதோறும் கடற்காற்று வீசும் நம் கரையோரத் திறந்தவெளிக் களங்களில் பழகுவோருக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

வலையின் உயரம் ஆடவர்க்கு 2.43 மீட்டர். அதனாலேயே உயரம் குறைந்த மாணவர் பலர் இவ்வாட்டம் தமக்கன்று என ஒதுங்கிவிடுகின்றனர். இது பெரும் இழப்பு. பந்தை ஏந்துவதற்கு உயரம் தடையன்று. 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பானியப் பெண்கள், தரையில் உருண்டேனும் பந்தை எடுத்த திறத்தால் தங்கம் வென்றனர். 1998 முதல் உலகப் போட்டிகளில் ‘லிபரோ’ என்னும் ஆட்டக்காரர் தனி நிறச் சட்டையுடன் களமிறங்குகிறார். வலைக்கு மேலெழுந்த பந்தைத் தாக்கவோ, தடுப்பாட்டம் ஆடவோ அவருக்கு உரிமையில்லை; ஏந்துவதும் காப்பதுமே அவர் பணி. விதியே வழங்கிய அம்மதிப்பை நாம் வழங்கத் தயங்கலாமா?

ஆதலின் இரண்டு வேண்டுகோள்கள். பயிற்சி தொடங்கும் முதல் மாதத்தை ஏந்தும் கலைக்கே ஒதுக்குக. விளையாட்டு விழாவில் சிறந்த தாக்குநருக்குத் தரும் கோப்பைக்கு இணையாகச் சிறந்த ஏந்துநருக்கும் ஒன்று தருக.

மாணவச் செல்வங்களே! சிவந்த முன்கைகள் குறித்து நாணாதீர். பிறர் உயர்வதற்காகத் தாழ்ந்து நிற்பவனும் வெற்றியின் பங்காளியே. இல்லத்திலும் சமுதாயத்திலும் அத்தகையோரை அடையாளம் காண இவ்வாட்டம் நமக்குக் கற்றுத் தரட்டும்.