கொழுந்துக் கொட்டகையில் முதலுதவிப் பயிற்சி

நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகளுக்குக் கவாத்து, உரம், கொழுந்தின் தரம் பற்றியெல்லாம் குன்னூர் உபாசி வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களில் பயிற்சி கிடைக்கிறது. தோட்டத்தில் ஓர் ஆள் மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்று சொல்லித் தருவோர்தான் குறைவு.

பெரிய எஸ்டேட்டுகளின் கதை வேறு. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் அங்கே மருத்துவ வசதியைக் கட்டாயமாக்கியது. 1981-ல் திருத்தப்பட்ட பின்பும் அது பொதுவாக 5 ஹெக்டேரும் 15 ஆட்களும் உள்ள தோட்டங்களுக்கே பொருந்தியது. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்து, வீட்டாரும் இரண்டு கூலியாட்களுமாகக் கொழுந்து பறிக்கும் நமக்கு எஸ்டேட் ஆஸ்பத்திரியும் இல்லை, கம்பவுண்டரும் இல்லை.

2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது; நல்ல காரியந்தான். ஆனால் மேகம் இறங்கிய நாளில் அது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஹட்டிக்கு வர வேண்டும். நாம் சரிவிலிருந்து ஆளை ரோட்டுக்குத் தூக்கி வர வேண்டும். இதயம் நின்றுவிட்டால் மூளை தாங்குவது நான்கைந்து நிமிடங்களே. அந்த நிமிடங்கள் பக்கத்து வரிசையில் கொழுந்து பறிப்பவர் கையில் இருக்கின்றன.

தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சில்லை அல்லது விட்டு விட்டுத் திணறுகிறது என்றால், ஒருவர் 108-க்குப் பேச, மற்றவர் உடனே மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். ஆளைச் சமமான இடத்தில் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையைக் கோத்து, முழங்கை மடங்காமல், 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் நெஞ்சு மேலெழ விட வேண்டும். வாயில் ஊதத் தயங்குவோர் அழுத்துவதை மட்டுமாவது நிறுத்தாமல் செய்யலாம். கை ஓய்ந்துபோகும், இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாறிக்கொள்வது நல்லது. இதெல்லாம் படித்து வருவதல்ல. பொம்மையின் மேல் அழுத்திப் பழகினால்தான் ஆழம் கைக்குப் பிடிபடும்.

கவாத்துக் கத்தி வெட்டினால் காப்பித்தூளை அப்புகிற பழக்கத்தையும் அந்தப் பயிற்சியிலேயே விட்டொழிக்கலாம். சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடிப்பதே முதல் வைத்தியம்.

செஞ்சிலுவைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்றவை முதலுதவிப் பயிற்சி தருபவை. ஆனால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஊட்டிக்கு வா என்றால் யார் போவார்கள்? இலை கொள்முதல் செய்யும் கொட்டகைக்கு நாம் எப்படியும் வருகிறோம். எடை போடக் காத்திருக்கும் நேரத்தில் அங்கேயே கற்றுத் தந்தால் என்ன? இன்ட்கோசர்வின் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் இதைத் தொடங்கலாம். கொட்டகைக்கு இரண்டு பேர் போதும். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும், கொழுந்து பறிப்போரில் அவர்கள்தானே அதிகம். அடுத்த பொதுக்குழுவில் இலை விலையைப் பற்றிக் கேட்டு முடித்த கையோடு, உறுப்பினர்கள் இதையும் எழுந்து கேட்க வேண்டும்.